பென்சில்வேனியாவில் வாய்வழி கெட்டிக்கும் ஷாட்கன்னுடன் ஒரு காலை அணில் வேட்டை: புதியவர்களுக்கான வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ அமெரிக்காவுக்கு வந்து, பென்சில்வேனியாவிலோ அதன் எல்லையை ஒட்டிய நியூ ஜெர்சியிலோ குடியிருந்து, சட்டப்படி சிறு விலங்கு வேட்டைக்குச் செல்ல விரும்பும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். குழாயின் வாய்வழியாக வெடிமருந்தையும், ரவை எனப்படும் சிறு ஈயக் குண்டுகளையும் கெட்டித்துச் சுடும் பழைய முறை ஷாட்கன்னைப் பற்றித் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அலுவலகம், கடை, பயிற்சி வகுப்பு, துப்பாக்கிக் கழகம் என்று நான்கு இடங்களில் அலைந்து சேர்த்த விவரங்களை அவை தேவைப்படும் வரிசையிலேயே கீழே தந்திருக்கிறேன்.

வரிசையை வலியுறுத்தக் காரணம் உண்டு. இவ்வகைத் துப்பாக்கியை வாங்குவது மிக எளிது என்பதால், பலர் அதை முதலில் வாங்கிவிட்டு, பயிற்சிச் சான்றும் உரிமமும் இல்லாமல் பருவம் முழுவதையும் இழக்கிறார்கள். துப்பாக்கி கடைசியில் வரட்டும்.

1. உங்கள் விசாவையும் நீங்கள் வாழும் மாநிலத்தையும் முதலில் பாருங்கள்

எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அந்தத் தடைக்கான விலக்குகளில் ஒன்று. கருமருந்தையோ (புகை எழுப்பும் பழைய வகை வெடிமருந்து) அதன் மாற்று மருந்தையோ மட்டும் கொண்டு சுடக்கூடியதும், மருந்தும் குண்டும் சேர்த்து அடைத்த ஆயத்தத் தோட்டாவை ஏற்க இயலாததுமான வாய்வழித் துப்பாக்கி, அதே கூட்டரசுச் சட்டத்தில் ‘பழம்பொருள்’ என்ற வகையில் அடங்குவதால், நவீனத் துப்பாக்கிக்குரிய பின்புலச் சோதனை இல்லாமலேயே கடையில் விற்கப்படுகிறது.

இங்கே மூன்று கண்ணிகள் இருக்கின்றன. நவீன ஷாட்கன்னின் உடற்பகுதியில் வாய்வழிக் குழாயை மாற்றிப் பொருத்தும் வகைகள் பழம்பொருளாகக் கருதப்படுவதில்லை. ஆகவே, அப்படி மாற்றக்கூடிய எதையும் வாங்காதீர்கள். இரண்டாவதாக, உரிமம் வருவதற்கு முன்பே நண்பர் ஒருவர் அன்போடு தமது நவீன ஷாட்கன்னைத் ‘தொட்டுப் பார், சுட்டுப் பார்’ என்று நீட்டினால், தற்காலிக விசாவில் இருக்கும் நீங்கள் அதை வாங்கக் கூடாது. சில நிமிடங்கள் கையில் வைத்திருப்பதும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படலாம். மூன்றாவது, மாநிலச் சட்டம். கூட்டரசு தளர்த்தியதை மாநிலம் இறுக்கலாம். நியூ ஜெர்சியில் வேட்டைக்குப் பயன்படும் வாய்வழித் துப்பாக்கிக்கும் துப்பாக்கி வாங்குநர் அடையாள அட்டை வேண்டும். நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் குடியிருந்துகொண்டு பென்சில்வேனியாக் கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருவதில் உள்ள சிக்கல் இதுதான். உங்கள் நிலை எதுவாக இருந்தாலும், தற்காலிக விசாவில் இருப்பவர்கள் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

2. பயிற்சிச் சான்று

பென்சில்வேனியாவில் முதன்முறையாக உரிமம் வாங்குபவர், எந்த வயதினராக இருந்தாலும், வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். மாநில வேட்டை ஆணையம் நடத்தும் நேரடி வகுப்பு இலவசம். ஒரு நாளிலேயே முடிந்துவிடும். இணையவழி வகுப்புக்குக் கட்டணம் உண்டு. நேரம் கிடைக்காதவர்களுக்கு அது வசதிதான் என்றாலும், நேரடி வகுப்பையே நான் பரிந்துரைப்பேன். வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை என்ன செய்வது, மூவர் வரிசையாக நடக்கும்போது யார் எந்தத் திசையில் சுடலாம் என்பவற்றையெல்லாம் உடலால் செய்து பழகும்போதுதான் மனத்தில் பதிகின்றன.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நேரடி வகுப்புகளின் இடங்கள் விரைவில் நிரம்பிவிடுகின்றன. மே, ஜூன் மாதங்களிலேயே பதிவு செய்யுங்கள். பதிவில் நீங்கள் தரும் பெயர், ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். தந்தை பெயரை முதலெழுத்தாகவோ கடைசிப் பெயராகவோ மாற்றி மாற்றி எழுதும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், சான்றில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் மற்றொரு பெயருமாக அமைந்து, உரிமம் வாங்கும் இடத்தில் தடை ஏற்படுகிறது.

வகுப்புக்குப் போகுமுன் இது நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க நினைப்பவர்களுக்கு, பெரியவர்களுக்கான வழிகாட்டுநர் அனுமதி என்ற வேறு வழியும் இருக்கிறது. 21 வயது நிரம்பிய, உரிமம் பெற்ற வேட்டைக்காரர் ஒருவர் உடன் இருக்கும் வரையில், அந்த அனுமதியைக் கொண்டு அணில், முயல் போன்றவற்றை வேட்டையாடலாம். இது ஒரு சில ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை.

3. உரிமம்

உரிம ஆண்டு ஜூலை 1 முதல் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை. பென்சில்வேனியாவில் வசிக்கும் பெரியவருக்கு 20.97 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 101.97 டாலர் என்பது நான் அறிந்த கட்டணம். வாங்கும் நாளில் ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலத்தவர் ஒரு வாரம் மட்டும் சிறு விலங்கு வேட்டையாடுவதற்கென்று ஏழு நாள் உரிமமும் உண்டு. நியூ ஜெர்சி நண்பர்களுக்கு அது பொருத்தமானது.

எடுத்துச் செல்ல வேண்டியவை: பயிற்சிச் சான்று, புகைப்பட அடையாள அட்டை, மாநிலத்தில் வசிப்பதற்கான ஆதாரம், சமூகப் பாதுகாப்பு எண். புதிதாகக் குடிவந்தவர் 30 நாட்கள் தங்கிய பிறகே ‘வசிப்பவர்’ என்ற கட்டணத்தில் வாங்க முடியும். இதை மறைத்து வாங்குவது குற்றம். விசாவில் இருப்பவர்கள் அந்த விபரீதத்துக்கு இடம் கொடுக்கவே கூடாது.

அணில், முயல் இரண்டுக்கும் பொது உரிமமே போதும். ஃபெசன்ட் பறவைக்கும், புறா போன்ற வலசைப் பறவைகளுக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். முதல் ஆண்டில் அணிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செப்டம்பர் நடுவில் பருவம் தொடங்குகிறது. நாளொன்றுக்கு ஆறு அணில்கள் வரை எடுக்கலாம். முயல் பருவம் அக்டோபரில் தொடங்கும், நாளொன்றுக்கு நான்கு. எந்தெந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டைக்கு அனுமதி உண்டு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அந்த ஆண்டின் கையேட்டைப் பாருங்கள்.

4. துப்பாக்கியும் சாமான்களும்

இப்போது கடைக்குப் போகலாம். கேப் (அடிபட்டதும் தீப்பொறி எழுப்பும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடும் இரட்டைக் குழாய், 12 காஜ் (குழாய் விட்டத்தின் அளவு) துப்பாக்கி தொடங்குபவருக்கு ஏற்றது. சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் வகை அழகானது, ஆனால் ஈரக்காற்றில் பழக்கமில்லாதவரைச் சோதிக்கும். இத்தாலியில் செய்யப்படும் பெடர்சோலி போன்ற புதிய இரட்டைக் குழாய்த் துப்பாக்கிகள் ஆயிரம் டாலருக்கு மேல் போகின்றன. நல்ல நிலையில் உள்ள பழையது அதில் பாதிக்குக் கிடைக்கலாம். பழையதை வாங்குவதானால், குழாய்க்குள் விளக்கடித்துத் துருக்குழிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு, துப்பாக்கித் தச்சர் ஒருவரிடம் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். நூறாண்டு கடந்த துப்பாக்கிகளில் முறுக்கிய இரும்புப் பட்டைகளால் ஆன குழாய்கள் உண்டு. அவற்றைச் சுவரில் மாட்டலாம், தோளில் வைக்க வேண்டாம்.

மற்றச் செலவுகள் தோராயமாக இப்படி வரும். ஒரு பவுண்டு மருந்து 25 முதல் 40 டாலர். நூறு கேப்கள் பத்து டாலரை ஒட்டி. ரவைப் பை, அடைப்பு அட்டைகள், மருந்து அளவை, கேப்பைச் செருகும் முளையைக் கழற்றும் திருகி, குழாய்க்குள் கெட்டிக்கும் கோலின் முனையில் பொருத்தும் திருகாணி ஆகியவை சேர்ந்து 100 டாலருக்குள். ஒளிரும் ஆரஞ்சு மேல்சட்டையும் தொப்பியும் 25 டாலர்.

கேப் வாங்கும்போது அளவில் கவனம் வேண்டும். ஷாட்கன்களுக்குப் பெரும்பாலும் 11ஆம் எண் கேப் பொருந்தும். ஒரு கடையில் எனக்கு மஸ்கட் துப்பாக்கிக்கான பெரிய கேப்பைக் கொடுத்து ‘எல்லாம் ஒன்றுதான்’ என்றார்கள். அது முளையில் நிற்காமல் கழன்று விழுந்துகொண்டே இருந்தது. துப்பாக்கியைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

மருந்தில் ஒரே ஒரு விதிக்கு விலக்கே கிடையாது. நவீனத் தோட்டாக்களில் பயன்படும் புகையில்லா மருந்தை, ஒரு சிட்டிகை அளவுகூட, இந்தக் குழாயில் போடக் கூடாது. குழாய் வெடித்துக் கையையும் கண்ணையும் பறித்துவிடும். 12 காஜுக்கு ‘எஃப்எஃப்ஜி’ என்ற பருமனுள்ள கருமருந்து ஏற்றது. அது எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகள் எளிதாகக் கிடைக்கும். இவற்றைக் கருமருந்துக்குரிய கொள்ளளவையால் அளக்க வேண்டும், தராசில் நிறுக்கக் கூடாது. ட்ரிபிள் செவன் வீரியம் மிகுந்தது என்பதால் 15 விழுக்காடு குறைத்து இடச் சொல்கிறார்கள்.

விமானத்தில் மருந்தையும் கேப்பையும் கைப்பையில் மட்டுமன்றிச் சரக்கில் ஏற்றும் பெட்டியிலும் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. வேறு மாநிலத்துக்குப் பறந்து போய் வேட்டையாடுபவர்கள் அங்கேயே வாங்க வேண்டும்.

5. கெட்டிக்கும் முறையைக் காட்டுக்குப் போகுமுன் பழகுங்கள்

ஆகஸ்டில் சில மாலைகளை இதற்கு ஒதுக்குங்கள். ரவை சுட அனுமதிக்கும் துப்பாக்கிக் கழகமா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள். ரைஃபிளுக்கு மட்டுமே இடம் தரும் திடல்கள் பல உண்டு.

முதலில், வெற்றுக் குழாயோடு ஒவ்வொரு முளையிலும் ஒரு கேப் வைத்து, குழாய் வாயைத் தரையில் கிடக்கும் ஒரு புல்லிதழுக்கு அருகே காட்டிச் சுடுங்கள். புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. எண்ணெய் அடைத்திருந்தால் அசையாது. அதன்பின் வரிசை இதுதான்: அளந்த மருந்து, அதன்மேல் தடித்த அட்டை, மசகு தோய்ந்த மெத்தை போன்ற நார் அடைப்பு, ரவை, கடைசியாக மெல்லிய அட்டை. ஒவ்வொன்றையும் கோலால் உறுதியாக அமர்த்துங்கள், இடைவெளி விடாதீர்கள். மருந்தை எவ்வளவு கொள்ளளவு இடுகிறீர்களோ அதே கொள்ளளவு ரவை இடுவது பழைய முறை. 12 காஜுக்கு 70 கிரெயின் (மருந்து அளவையில் குறித்திருக்கும் அலகு) கருமருந்தும் ஒரு அவுன்ஸ் ரவையும் மிதமான தொடக்கம். உங்கள் துப்பாக்கியின் கையேட்டில் உள்ள உச்ச அளவு இதைவிடக் குறைவானால் கையேட்டையே பின்பற்றுங்கள். கேப் எப்போதும் கடைசியில், குழாய் வாய் பாதுகாப்பான திசையை நோக்கியிருக்கும்போது மட்டும்.

மருந்துக் குடுவையிலிருந்து குழாய்க்குள் நேரடியாகக் கொட்டக் கூடாது. முந்தைய வெடியின் கனல் உள்ளே ஒளிந்திருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். தனி அளவையில் எடுத்து ஊற்றுங்கள். வெற்றுக் குழாயில் கோல் எவ்வளவு தூரம் இறங்குகிறது, சரியாகக் கெட்டித்த குழாயில் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று கோலில் இரண்டு கோடுகள் கீறி வையுங்கள். ஒரே குழாயில் இருமுறை மருந்து இடுவதை அந்தக் கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

இரட்டைக் குழாய்க்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு குழாயைச் சுட்டதும் அதன் உதைப்பில் மற்றக் குழாயின் ரவையும் மேலட்டையும் முன்னுக்கு நகர்ந்துவிடலாம். அப்படி இடைவெளி விழுந்த குழாயைச் சுட்டால் அது பிளக்க வாய்ப்பு உண்டு. ஆகவே, சுட்ட குழாயை மீண்டும் கெட்டிக்கும் ஒவ்வொரு முறையும், சுடாத குழாயின் கேப்பை முதலில் அகற்றிவிட்டு, கோலை விட்டு அதன் அட்டை பழைய கோட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கேப் பொருத்திய குழாய்க்கு மேல் கையையோ முகத்தையோ நீட்டி மற்றொன்றைக் கெட்டிப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழாயைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்தபடி ஒரு நிமிடம் காத்திருங்கள். தாமதமாக வெடிப்பது இம்மருந்தின் இயல்புகளில் ஒன்று.

பிறகு, பெரிய தாளில் 75 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து, 20 கெஜம், 25 கெஜம், 30 கெஜம் தொலைவுகளிலிருந்து சுட்டு, ரவை பரவுவதைப் பாருங்கள். வாய் குறுகாத நேர்க்குழாயாக இருந்தால் 25 கெஜத்துக்கு அப்பால் தாளில் அணில் அளவு வெற்றிடங்கள் தெரியும். எந்தத் தொலைவில் வெற்றிடங்கள் தோன்றுகின்றனவோ அதற்கு இப்பாலேயே உங்கள் எல்லை. காயம்பட்ட அணில் மரப்பொந்துக்குள் போய்ச் சாவதை விடச் சுடாமல் விடுவது மேல். அணிலுக்கு 6ஆம் எண் ரவை பொருத்தமானது. எண் குறையக் குறைய ரவை பெரிதாகும். சிறு விலங்குக்கு 4ஆம் எண்ணைவிடப் பெரிய ஈய ரவையை இம்மாநிலம் அனுமதிப்பதில்லை.

6. இடம்

அரசு வேட்டை நிலங்கள் மாநிலமெங்கும் பதினைந்து லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருக்கின்றன. உரிமம் உள்ளவருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வரைபடங்களை ஆணையத்தின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஹிக்கரி, ஓக், பீச் மரங்கள் நெருங்கிய சரிவைத் தேடுங்கள். மரத்தடியில் ஹிக்கரிக் கொட்டையின் பச்சைத் தோல் துணுக்குகள் ஈரமாகக் கிடந்தால், அந்த மரத்துக்கு அணில்கள் அன்றாடம் வருகின்றன என்று பொருள். முந்தைய வாரம் ஒரு மாலை துப்பாக்கியில்லாமல் போய்ப் பார்த்து வையுங்கள்.

தனியார் நிலத்துக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். மரங்களில் ஊதா வண்ணக் கோடு கண்டால் அது ‘அத்துமீறாதே’ என்ற பலகைக்குச் சமம். பெரும்பாலான மாவட்டங்களில் இது சட்டம். ஆள் வசிக்கும் கட்டடங்களிலிருந்து 150 கெஜத்துக்குள் அனுமதியின்றி வேட்டையாடக் கூடாது. ஃபிலடெல்ஃபியாவைச் சுற்றியுள்ள புறநகர்களில் இந்த 150 கெஜம் எதிர்பாராத இடங்களில் குறுக்கிடும் என்பதால், வரைபடத்தில் அளந்து பார்த்துவிடுங்கள்.

7. அந்தக் காலை

சூரியோதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து வேட்டை நேரம் தொடங்குகிறது. அதற்கும் அரை மணி நேரம் முன்னதாக வண்டியை நிறுத்துங்கள். உரிமமும் அடையாள அட்டையும் சட்டைப்பையில் இருக்கட்டும். தலை, மார்பு, முதுகு மூன்றிலுமாகக் குறைந்தது 250 சதுர அங்குல ஒளிர் ஆரஞ்சு, எல்லாப் பக்கமிருந்தும் தெரியும்படி வேண்டும். அணிலுக்கு நிறங்கள் நமக்குத் தெரிவது போலத் தெரிவதில்லை. அசைவுதான் அதை விரட்டும்.

கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணிகள் இம்மாநிலத்தில் மிகுதி. முந்தைய நாளே ஆடைக்குப் பெர்மெத்ரின் என்ற உண்ணிக்கொல்லியைத் தெளித்துக் காயவைப்பது நல்லது.

பருத்த மரமொன்றில் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, குழாய் வாயை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு கேப்பைப் பொருத்துங்கள். குதிரை (கேப்பை அடிக்கும் சுத்தி) பாதி ஏற்றத்தில் இருக்கட்டும். இருபது நிமிடம் அசையாதிருந்தால் காடு உங்களை மறந்துவிடும். முதலில் காதுக்கே வேலை. பல் கொட்டையைச் சுரண்டும் ஓசையும், தோல் துணுக்குகள் உலர்ந்த இலைமேல் பொலபொலவென்று உதிரும் சத்தமும், எந்தக் கிளை என்பதைச் சொல்லிவிடும். இங்குள்ள சாம்பல் அணில் நம் ஊர் முற்றத்து மூவரி அணிலைவிடப் பல மடங்கு பெரியது, அரைக் கிலோ எடை இருக்கும். பின்னணியைப் பார்த்துச் சுடுங்கள். மேல்நோக்கிச் சுடும் ரவை கீழேதான் இறங்கும், மறுபுறம் மனிதர்கள் இருக்கக் கூடும்.

சுட்டதும் வெண்புகை எதிரே சுவராக நிற்கும். ஈரமான காலையில் அது எளிதில் கலையாது. ஒரு பக்கமாக நகர்ந்து, அணில் விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்ட பிறகே எழுங்கள். அப்படியே அடைப்பு விழுந்த இடத்தையும் தேடிப் பாருங்கள். கனலும் அடைப்பு உலர்ந்த இலையில் தீ மூட்டியதுண்டு. காலால் மிதித்து அணைத்துவிட்டு நகருங்கள்.

8. திரும்பும் முன்பும் வீட்டிலும்

கேப் அகற்றிய வாய்வழித் துப்பாக்கியை இம்மாநில வேட்டைச் சட்டம் வெற்றுத் துப்பாக்கியாகவே கொள்கிறது. இருந்தாலும் மருந்து உள்ளே இருக்க வண்டியில் ஏற்றாதீர்கள், மாநில எல்லையைக் கடக்கவும் வேண்டாம். அரசு வேட்டை நிலத்தில் திடல்களுக்கு வெளியே இலக்குப் பயிற்சி தடைசெய்யப்பட்டிருப்பதால், தரையில் சுட்டுக் காலி செய்வதும் சிக்கல். கேப்பை எடுத்து, முளையையும் கழற்றிய பின், கோல் முனைத் திருகாணியால் மேலட்டையை இழுத்து ரவையைக் கொட்டி, அடைப்புகளையும் இழுத்து, மருந்தை வெளியேற்றுங்கள். பத்து நிமிட வேலைதான்.

அணிலைக் குளிர்வதற்கு முன்பே தோலுரிப்பது எளிது. வாலின் அடிப்பக்கத்திலிருந்து எலும்பையும் சேர்த்து வெட்டி, மேல்தோலை மட்டும் வெட்டாமல் விட்டு, வாலை மிதித்துக்கொண்டு பின்கால்களைப் பிடித்து இழுத்தால் தோல் சட்டையைப் போலக் கழன்று வரும். கையுறை அணியுங்கள். முயலானால் கையுறை கட்டாயம், ஏனெனில் துலரீமியா நோய் தோலின் கீறல் வழியாகத் தொற்றும். ரவைத் துளிகளைத் தேடி எடுத்துவிட்டு, கறியை நன்றாக வேகவைத்துச் சமைக்க வேண்டும். கிழட்டு அணிலுக்குக் குக்கரும், குட்டிக்கு மிளகு வறுவலும் ஏற்றவை. தோலையோ வாலையோ நினைவுக்காக இந்தியாவுக்கு எடுத்துச்செல்ல நினைக்காதீர்கள், சுங்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

துப்பாக்கியை அன்றே கழுவ வேண்டும். நாளைக்கு என்று தள்ளினால், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருமருந்துக் கசடு இரவோடிரவாகத் துருவைத் தொடங்கிவிடும். குழாய்களைக் கழற்றி, முளைகளை எடுத்துவிட்டு, சோப்பு கலந்த வெந்நீரில் நிறுத்திக் கோலில் சுற்றிய துணியால் மேலும் கீழும் இழுங்கள். கறுப்பு நீர் தெளிந்த பின் சுத்தமான வெந்நீர் ஊற்றினால், சூட்டிலேயே குழாய் உலர்ந்துவிடும். உலர்ந்ததும் உள்ளும் புறமும் எண்ணெய் பூசுங்கள். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்து, பழுப்பு நிறம் தெரிந்தால் மீண்டும் துடைத்து எண்ணெய் இடுங்கள். மிஞ்சிய மருந்தை அதன் சொந்தக் குப்பியிலேயே, கேப்களிலிருந்து விலக்கி, அடுப்பும் ஹீட்டரும் இல்லாத அறையில், பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள்.